ரெண்டும் ஒண்ணா, சார்?



'மாபெரும் கபடி டோர்னமென்ட்' என்று உங்கள் ஊர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேரம், செஸ், கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் இப்போது டோர்னமென்ட்தான். ஆனால் இந்தச் சொல் பிறந்த காலத்தில் அதில் கேரம் போர்டும் இல்லை, பந்தும் இல்லை. குதிரையும் ஈட்டியும்தான் இருந்தன! இதை நான் தேடிப் படிக்கக் காரணமாக இருந்தவன், என்னிடம் படித்த ஒரு பையன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

நான் சொன்ன தப்பான பதில்

பல ஆண்டுகளுக்கு முன்பு, ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கதை வாசிப்பு. அன்று எடுத்தது 'ஐவன்ஹோ' கதைச் சுருக்கம். சர் வால்டர் ஸ்காட் எழுதி, 1819-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த ஆங்கில நாவல். குதிரை வீரர்கள் கவசம் அணிந்து, நீண்ட ஈட்டியோடு மோதிக்கொள்ளும் இடம் வந்ததும் வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

மூன்றாவது பெஞ்சில் இருந்த பையன் எழுந்தான்.

"சார், போன பக்கத்துல டோர்னமென்ட்னு இருந்துச்சு. இங்க ஜவுஸ்ட்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா, சார்?"

மேஜையில் இருந்த சிறிய அகராதியைப் புரட்டினேன். இரண்டு சொல்லுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருந்தது. மணி அடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. "எல்லாம் ஒண்ணுதான்டா, உட்காரு" என்றேன்.

அவன் உட்காரவில்லை.

"அப்ப வடமாடும் மஞ்சுவிரட்டும் ஒண்ணா, சார்?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "அது வேற, இது வேற சார்!" என்று நாலா பக்கமும் சத்தம். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க அம்மா வடமாடு பார்க்கப் போன்னு விடுவாங்க சார். மஞ்சுவிரட்டுன்னா விடவே மாட்டாங்க" என்றான்.

மணி அடித்துவிட்டது. பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். நான் மட்டும் யோசித்துக்கொண்டே நின்றேன். அந்த அம்மா ஏன் ஒன்றுக்கு விடுகிறார், இன்னொன்றுக்கு விட மறுக்கிறார்?

கயிறு இருக்கிறதா, இல்லையா?

மூன்று விளையாட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமா?

முதலில் ஜல்லிக்கட்டு. மதுரைப் பக்கம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஊர்களில் பொங்கலை ஒட்டி நடப்பது. முன்காலத்தில் சல்லிக் காசுகளைத் துணியில் முடிந்து மாட்டின் கொம்பில் கட்டுவார்களாம். அதனால் சல்லிக்கட்டு, அதுவே ஜல்லிக்கட்டு ஆனது என்பார்கள். இதில் வாடிவாசல் என்ற குறுகிய வழியில் காளைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். வீரர் காளையின் திமிலைத்தான் பிடிக்க வேண்டும். வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பையும் பிடிக்கக் கூடாது. பார்ப்பவர்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள்.

அடுத்தது மஞ்சுவிரட்டு. சிவகங்கை மாவட்டத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டு பெயர் பெற்றது. (சிவகங்கைச் சீமை 1985-ஆம் ஆண்டு வரை நம் ராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்துதான் இருந்தது!) இதில் திறந்த பொட்டலில் காளைகளை அவிழ்த்து விடுவார்கள். ஒரே நேரத்தில் பல காளைகள் ஓடும். எந்தக் காளை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. வேடிக்கை பார்க்க வந்தவரும் ஓட வேண்டியதுதான்.

மூன்றாவது வடமாடு. வடம் என்றால் பருத்த கயிறு. தேர் இழுக்கும் வடம் உங்களுக்குத் தெரியுமே! மைதானத்தின் நடுவில் வடத்தின் ஒரு முனை, மறுமுனையில் காளை. கயிறு எட்டும் தூரம் வரைதான் காளை பாயும். ஒரு காளைக்கு ஒரு குழு. பெரும்பாலும் ஒன்பது பேர். குறித்த நேரத்துக்குள் திமிலைப் பிடித்து அடக்க வேண்டும். அடக்கினால் குழுவுக்குப் பரிசு. இல்லாவிட்டால் காளைக்காரருக்குப் பரிசு. வட்டத்துக்கு வெளியே நிற்பவருக்குப் பயம் குறைவு.

இப்போது அந்த அம்மாவின் கணக்கு புரிகிறதா? 'வடமாடு' என்ற சொல்லிலேயே கயிறு இருக்கிறது. 'மஞ்சுவிரட்டு' என்ற சொல்லில் விரட்டு இருக்கிறது. சொல்லைக் கேட்டவுடனேயே, மகனை எங்கே நிற்க விடலாம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு அந்த இரண்டு சொற்களும் ஒன்றாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குதிரைக்காரர்களின் மஞ்சுவிரட்டு

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். பையன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது.

டோர்னமென்ட் என்ற சொல், 'திரும்புதல்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. குதிரையை வளைத்துத் திருப்பித் திருப்பி மோதுவதால் அந்தப் பெயர். 12-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் இது எப்படி நடந்தது தெரியுமா? இரண்டு பெரிய அணிகள். வயல், தோப்பு, கிராமம் எல்லாம் சேர்ந்ததுதான் ஆடுகளம். ஈட்டியால் மோதி, பிறகு வாளாலும் அடித்துக்கொள்வார்கள். எதிராளியைப் பிடித்துவிட்டால் அவருடைய குதிரையும் கவசமும் பிடித்தவருக்கு. கூட்டத்தில் மிதிபட்டும் அடிபட்டும் பலர் இறந்தார்கள். பொறுக்க முடியாமல் 1130-ஆம் ஆண்டில் கிறிஸ்தவத் திருச்சபையே இதற்குத் தடை போட்டது. வீரர்களோ கேட்கவில்லை! இங்கிலாந்தில் முதலாம் ரிச்சர்டு மன்னர் 1194-ஆம் ஆண்டில், ஐந்து இடங்களில் மட்டும், கட்டணம் கட்டி நடத்தலாம் என்று உத்தரவு போட்டார்.

ஜவுஸ்ட் வேறு. 'அருகில்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஒருவருக்கு எதிரில் ஒருவர் மட்டும். இரண்டு பேரும் எதிரெதிரே குதிரையில் பாய்ந்து வந்து, ஈட்டியால் இடித்துக்கொள்வார்கள். கீழே விழுந்தவர் தோற்றவர்.

இதிலும் ஆபத்து இருந்தது. வேகமாக வரும் இரண்டு குதிரைகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால்? அதற்கு 15-ஆம் நூற்றாண்டில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு குதிரைகளுக்கும் நடுவே நீளமாக ஒரு தடுப்பு. முதலில் துணியால் கட்டினார்கள், பிறகு பலகையால் அடித்தார்கள். அந்தத் தடுப்புக்குப் பெயர் டில்ட். நாளடைவில், தடுப்பு வைத்து மோதும் ஆட்டத்தையே டில்ட் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

பார்த்தீர்களா? நம் ஊரில் கயிறு ஒரு விளையாட்டுக்குப் பெயர் ஆனது. அவர்கள் ஊரில் தடுப்பு ஒரு விளையாட்டுக்குப் பெயர் ஆனது. இரண்டுமே உயிரைக் காக்க வந்தவை.

தடுப்பு இருந்தும் ஆபத்து முழுவதும் போய்விடவில்லை. 1559-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றி ஜவுஸ்ட் ஆடினார். எதிராளியின் ஈட்டி உடைந்து, அதன் சிராய் ஒன்று முகக் கவசத்துக்குள் புகுந்து கண் அருகே குத்திவிட்டது. பத்து நாட்களில் மன்னர் இறந்துபோனார். தடுப்பு குதிரைகளைத்தான் பிரித்தது. சிராயைத் தடுக்க அதனால் முடியவில்லை.

குடைப்பெயர்

'அப்படியென்றால் எல்லாவற்றையும் ஜல்லிக்கட்டு என்று சொல்வது தப்பா?' என்று கேட்பீர்கள். தப்பில்லை. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வந்த ஜல்லிக்கட்டுச் சட்டத்திலேயே, ஜல்லிக்கட்டு என்றால் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவையும் அடங்கும் என்று எழுதியிருக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. டோர்னமென்ட் என்ற சொல்லும் பிற்காலத்தில் இப்படித்தான் ஆனது. கூட்டச் சண்டை, ஜவுஸ்ட், விருந்து எல்லாம் சேர்ந்த திருவிழாவுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. கடைசியில் கபடிக்கும் வந்துவிட்டது!

சட்டத்துக்கும் போஸ்டருக்கும் ஒரு குடைப்பெயர் போதும். ஆனால் களத்தின் ஓரத்தில் நிற்பவருக்கு அது போதாது. அவருக்குக் கயிறு உண்டா, இல்லையா என்று தெரிந்தாக வேண்டும்.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை முதல் பீரியடிலேயே அந்தப் பையனை எழுப்பினேன். பயந்துகொண்டே எழுந்தான்.

"வெள்ளிக்கிழமை நான் சொன்னது தப்பு. டோர்னமென்ட் வேற, ஜவுஸ்ட் வேற. நீ கேட்டதுதான் சரி" என்றேன். கரும்பலகையில் இரண்டு படம் வரைந்தேன். ஒன்றில் கூட்டமாகக் குதிரைகள். இன்னொன்றில் இரண்டே இரண்டு குதிரைகள், நடுவில் ஒரு வேலி.

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். "சார், இது மஞ்சுவிரட்டு. அது வடமாடு மாதிரி" என்றான். இரண்டே வரியில் பாடம் முடிந்துவிட்டது!

'ஐவன்ஹோ' கதையைத் திரும்பவும் படித்தோம். ஆஷ்பி என்ற ஊரில் நடக்கும் அந்தப் போட்டியில், முதல் நாள் ஒருவருக்கு ஒருவர் மோதுகிறார்கள். இரண்டாம் நாள் இரண்டு அணிகளாக மோதுகிறார்கள். இரண்டும் வேறு வேறு என்று கதையிலேயே இருந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

குழந்தைகளே, இரண்டு சொற்கள் ஒன்று போலத் தெரிந்தால் 'ரெண்டும் ஒண்ணா?' என்று கேளுங்கள். பதில் சொல்பவர் ஆசிரியராக இருந்தாலும், திருப்தி இல்லை என்றால் மரியாதையோடு இன்னொரு முறை கேளுங்கள். ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லை நம் முன்னோர் சும்மா வைத்திருக்க மாட்டார்கள்.

தெரிந்துகொள்ளுங்கள்

குதிரை மேல் இருந்து ஈட்டி பிடிக்கும் விளையாட்டு இந்தியாவிலும் உண்டு. தரையில் அடித்த சிறிய மர முளையை, பாய்ந்து செல்லும் குதிரையில் இருந்தபடியே ஈட்டியால் குத்தித் தூக்க வேண்டும். இதற்கு டென்ட் பெக்கிங் என்று பெயர். 1982-ஆம் ஆண்டு டில்லி ஆசிய விளையாட்டில் இந்தப் போட்டி இருந்தது. தனிநபர் பிரிவில் இந்தியாவின் ரூபிந்தர் சிங் பிரார் தங்கப் பதக்கம் வென்றார்.

நீங்களே கண்டுபிடியுங்கள்

கடற்கரை ஊர்ப் பிள்ளைகளே! வள்ளம், வத்தை என்று இரண்டு சொற்கள் கேட்டிருப்பீர்கள். ரெண்டும் ஒண்ணா? தாத்தாவிடமோ கடலுக்குப் போகும் சித்தப்பாவிடமோ கேட்டு, நோட்டில் படம் வரைந்து வித்தியாசத்தை எழுதுங்கள். உங்கள் ஆசிரியரிடமும் காட்டுங்கள். அவருக்கும் புதிதாக இருக்கலாம்!