மின்னேற்று நிலையங்களுக்கு முதல் போடுவது யார்?

மின்சார மோட்டார் வண்டிகள் நம் நாட்டில் பெருகவேண்டும் என்பதில் இன்று பெரிய அபிப்பிராய பேதம் இல்லை. நாம் எரிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி அந்நிய தேசங்களிலிருந்து வருகிறது. அதற்குரிய பொருளோ நம்மவரின் உழைப்பிலிருந்து போகிறது. ஆனால் வண்டி வாங்கியவன் வழியிலே அதன் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் பொது நிலையத்தை யார் அமைப்பது, அதற்கு முதல் எங்கிருந்து வருவது என்ற கேள்விக்குத் திருப்தியான விடை இன்னும் கிடைத்தபாடில்லை. பெரிய நகரங்களுக்கு எப்படியும் வழி பிறந்துவிடும். ஒட்டன்சத்திரம் போன்ற ஊர்களின் கதி என்ன என்பதே நாம் ஆலோசிக்க விரும்பும் விஷயம்.

திண்டுக்கல்லிலிருந்து பழநி, பொள்ளாச்சி வழியாகக் கோயமுத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது ஒட்டன்சத்திரம். சுற்றுப்புறத் தோட்டங்களில் விளையும் தக்காளியும் முருங்கையும் வெண்டையும் அதன் காய்கறி மார்க்கெட்டில் குவிந்து, பெருமளவு கேரளத்துக்குச் செல்கின்றன. தோட்டத்திலிருந்து மண்டிக்குச் சரக்கைக் கொண்டு வருபவை பெரும்பாலும் சிறு பார வண்டிகளே. டீஸல் விலை ஏறும்போதெல்லாம் அந்தச் சுமை வாடகையில் ஏறி, முடிவில் குடியானவன் தலையில் விழுகிறது. மின்சார வண்டியால் இந்தச் செலவு குறையக்கூடும். ஆனால் மின்னேற்ற இடமில்லாத ஊரில் அவ்வண்டியை வாங்கத் துணிபவர் யார்? வண்டியில்லாத ஊரில் நிலையம் வைக்கத் துணியும் முதலாளிதான் யார்?

முதலாளியின் தயக்கத்தைக் குற்றம் கூறிப் பயனில்லை, கணக்கைப் பார்ப்போம். 60 கிலோவாட் சக்தியுள்ள விரைவு மின்னேற்று யந்திரம் ஒன்றை, டிரான்ஸ்பார்மர், கம்பி, கொட்டகை உட்பட 15 லட்சம் ரூபாயில் ஒருவர் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 4 ரூபாய் மிஞ்சுவதாகவும் கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே யந்திரம் ஓடினால், வருஷத்தில் கிடைப்பது 87,600 ரூபாய். நூற்றுக்கு 10 வீதம் வட்டி மட்டுமே 1,50,000 ரூபாய். இணைப்பின் பளுவைக் கணக்கிட்டு மாதந்தோறும் செலுத்தும் நிலைக்கட்டணமும், பழுது பார்க்கும் செலவும், ஆள் சம்பளமும் இதற்கு மேல். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் வரவு 3,50,400 ரூபாயாகும். அப்போதுதான் தொழில் தலைதூக்கும். அந்த நான்கு மணி நேரம் வந்து சேரும்வரை நஷ்டத்தைத் தாங்குவது யார் என்பதே முழுப் பிரச்னையும்.

மத்திய சர்க்கார் கைகட்டி நிற்கவில்லை. 2019-ல் தொடங்கிய இரண்டாவது ‘ஃபேம்’ திட்டத்தில் மின்னேற்று நிலையங்களுக்கென 1,000 கோடி ரூபாய் ஒதுக்கினர். 2023-ல் அரசாங்கத்தைச் சேர்ந்த மூன்று எண்ணெய்க் கம்பெனிகள் 7,432 நிலையங்கள் அமைப்பதற்கு 800 கோடி அனுமதித்தனர். நிலையம் ஒன்றுக்குச் சராசரி 10 லட்சத்து 76 ஆயிரம் ரூபாய் ஆகிறது. 2024-ல் வந்த ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தில் இதற்கென 2,000 கோடி ஒதுக்கப்பட்டது. இவற்றை நாம் வரவேற்கிறோம். எனினும் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. இவ்வுதவி யந்திரம் நிறுவுவதோடு நின்றுவிடுகிறது. நஷ்டமோ அதற்கு மறுநாள்தான் தொடங்குகிறது.

வரி விஷயத்திலும் முரண்பாடு உண்டு. 2019 ஆகஸ்டில் மின்னேற்று யந்திரத்தின் மீதுள்ள ஜி.எஸ்.டி.யை நூற்றுக்கு 18-லிருந்து 5 ஆகக் குறைத்தனர். பொது நிலையத்தில் மின்னேற்றும் சேவைக்கோ நூற்றுக்கு 18 விதித்தனர். சொந்த வீட்டில் மின்னேற்றுகிறவருக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, வண்டியை வீதியில் நிறுத்தும் ஏழை ஓட்டிக்கு உண்டு. இது நியாயமன்று.

“இலாபம் தராத தொழிலுக்குப் பொதுப்பணம் எதற்கு?” என்று சிலர் கேட்பர். தஞ்சை ஜில்லா போர்டார் நிலவரியோடு ஒரு சிறு மேல்வரி வசூலித்து, அந்நிதியைக் கொண்டு மாயவரம்–முத்துப்பேட்டை ரயில் பாதையை அமைத்தனர்; 1894-ல் அதில் வண்டி ஓடிற்று. 1932-ல் பைக்காரா மின்சாரத்தைக் கோயமுத்தூர்ச் சீமைக்குக் கொண்டுவந்ததும் பொதுப்பணமே. கம்பி முன்னே சென்றது. ஆலைகளும் கிணற்றுப் பம்புகளும் பின்னே பெருகின. எல்லா ஆலைகளும் எழும்பட்டும், பிறகு கம்பி இழுப்போம் என்று அன்று காத்திருந்தால் இன்றுள்ள கொங்குநாடு ஏது?

பெருஞ்செலவு செய்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. கேரள மின்சார போர்டார் 2021-ல் கோழிக்கோட்டில் தொடங்கி, மின்கம்பங்களிலேயே சிறு மின்னேற்றுக் கருவிகளைப் பொருத்தினர். அவ்வாறு ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் அமைக்க ஏற்பாடு செய்தனர். இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு அதுவே போதும். சரக்கை இறக்கிவிட்டு மண்டி வாசலில் மணிக்கணக்காக நிற்கும் வண்டிக்கு விரைவு யந்திரம் எதற்கு? விரைவு யந்திரம் நெடுஞ்சாலையில் செல்லும் கார்களுக்கும் பஸ்களுக்கும் வேண்டும். மார்க்கெட்டுக்கு வேண்டியது மலிவான மெதுக் கருவியே.

ஆகவே நமது யோசனை இது. கம்பியும் டிரான்ஸ்பார்மரும் சாலையைப் போலப் பொதுச்சொத்து; அவற்றின் செலவை முதலில் விண்ணப்பம் போட்ட ஒருவர் தலையில் கட்டாமல் தமிழ்நாட்டு மின்பகிர்மானக் கழகமே ஏற்கவேண்டும். யந்திரமும் வியாபாரமும் தனியார் பொறுப்பாகட்டும். முதல் மூன்று வருஷங்களுக்கு நிலைக்கட்டணத்தை நீக்கி, செலவான யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் வாங்கவேண்டும். நகராட்சியார் பஸ் நிலையத்திலும் மார்க்கெட்டிலும் இடம் கொடுத்து, மாத வாடகைக்குப் பதில் வரவில் ஒரு பங்கு பெறட்டும். சேவை வரியும் நூற்றுக்கு 5 ஆகட்டும்.

மண்டி வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வாடகை குறைந்தால் முதற்பயன் உங்களுக்கே. கூட்டுறவு முறையில் பங்கு போட்டு நாலைந்து கருவிகளேனும் நீங்களே நிறுவுங்கள். பிறகு சர்க்காரிடம் சென்று, எங்கள் பங்கைச் செய்துவிட்டோம், உங்கள் பங்கு எங்கே என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது எந்தச் சர்க்காருக்கும் சுலபமன்று.