விசிலுக்குத் திரும்பும் வேட்டை நாய்!

குட்டீஸ்... 'லர்ச்சர்' நாய் பற்றித் தெரியுமா? பிரிட்டனில் வேட்டைக்காக வளர்க்கப்படும் இது, தனி இனமல்ல, கலப்பு நாய்! மணிக்கு, 60 கி.மீ.,க்கு மேல் பாயும் கிரேஹவுண்டையும், ஆடு மேய்க்கும் கோலி நாயையும் இணை சேர்த்தால், லர்ச்சர் குட்டி பிறக்கும். ஒன்றின் வேகமும், மற்றொன்றின் புத்தியும் இதற்கு உண்டு.

வயலில் பயிரைத் தின்னும் குழிமுயலை, நில உரிமையாளர் அனுமதியோடு இதை ஏவிப் பிடிக்கலாம். ஆனால், 'ஹேர்' என்ற பெரிய முயலை நாய் விட்டு வேட்டையாட, இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில், 2005 முதல் தடை. எனவே, ஹேர் குறுக்கே ஓடினால், துரத்தும் நாயை உடனே திருப்பி அழைக்க வேண்டும்!

அதற்காக, குட்டியிலிருந்தே பொறுமையாகப் பழக்குவர். காற்றாய்ப் பறந்த நாய், ஒரே விசிலுக்குக் காலடியில் வந்து நின்றால், வளர்த்தவருக்கு அதைவிட மகிழ்ச்சி ஏது?

உங்கள் வீட்டு நாய், கூப்பிட்டதும் வருகிறதா?