டயர் அளவை மாற்றினால் காரின் கணக்கும் மாறும்

டயர் தேய்ந்துவிட்டது, புதிது போட வேண்டும் என்று கடைக்குப் போகிறோம். "இதைவிடக் கொஞ்சம் பெரியதாகப் போடுங்கள், வண்டி எடுப்பாக இருக்கும்" என்கிறார் கடைக்காரர். பக்கத்தில் பளபளக்கும் அலாய் வீல்கள் நம்மை இழுக்கின்றன. பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும் முன் காரைத் தயார் செய்யும் பலர், இந்த இடத்தில் விலையையும் தோற்றத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்த மாற்றத்தைக் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதையும் அப்போது கேட்க வேண்டும்.

கார் வேகத்தை எப்படி அறிகிறது?

சாலையில் எவ்வளவு தூரம் ஓடினோம் என்பது காருக்கு நேரடியாகத் தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை மட்டுமே அது எண்ணுகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள சிறிய சென்சார் இந்த வேலையைச் செய்கிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்ற அளவைத் தொழிற்சாலையிலேயே கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருப்பார்கள். சுற்றின் எண்ணிக்கையை அந்த அளவால் பெருக்கினால் தூரமும் வேகமும் கிடைக்கும். டயரின் சுற்றளவு மாறினாலும் பதிந்த அளவு மாறாது. கணக்குப் பிசகுவது இங்கேதான்.

ஒரு சிறு கணக்கு

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 என்று எழுதியிருந்தால், அகலம் 185 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று பொருள். மேலும் கீழும் பக்கச் சுவரையும் ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. வருகிறது.

இதற்குப் பதிலாக 16 அங்குல ரிம்மில் 195/55 ஆர்16 போட்டால் விட்டம் 620.9 மி.மீ. ரிம் பெரிதானாலும் பக்கச் சுவர் சிறுத்துவிடுவதால் மொத்த அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதே 16 அங்குல ரிம்மில் 205/60 ஆர்16 போட்டால் விட்டம் 652.4 மி.மீ. ஆகிவிடும். இது 5 சதவீதம் அதிகம். பார்வைக்கு இரண்டும் "16 அங்குலம்"தான். ஆனால் காரின் கணக்கில் முதலாவது பழைய டயரைப் போலவே நடந்துகொள்ளும், இரண்டாவது ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பிழை செய்யும்.

வேகமும் தூரமும்

துல்லியமாகக் காட்டிக்கொண்டிருந்த மீட்டர், 5 சதவீதம் பெரிய டயர் போட்ட பிறகு 100 என்று காட்டும்போது கார் 105 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்கிறது ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதிமுறை. அதனால் உற்பத்தியாளர்கள் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே மீட்டரை அமைக்கிறார்கள். பெரிய டயர் அந்தக் காப்பு இடைவெளியை விழுங்கிவிடும். நெடுஞ்சாலையில் உள்ள வேகக் கேமரா உங்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை, உண்மை வேகத்தைத்தான் அளக்கிறது.

ஓடோமீட்டரும் இதே பிழையைச் செய்யும். அதில் 10,000 கி.மீ. ஏறும்போது வண்டி உண்மையில் 10,500 கி.மீ. ஓடியிருக்கும். சர்வீஸ் தள்ளிப்போகும், மைலேஜ் குறைந்தது போலவும் தோன்றும். காரை விற்கும்போது வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிடுவதுதான் முறை.

பிரேக் போடும் நேரத்தில்

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அவசரமாகப் பிரேக் மிதிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு இது. நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது மற்றவற்றிலிருந்து விலகுகிறதோ அது வழுக்குகிறது என்று முடிவு செய்யும். வளைவில் கார் சறுக்காமல் காக்கும் இ.எஸ்.சி. அமைப்பும் இதே சென்சார்களை நம்பியிருக்கிறது.

நான்கு டயர்களும் ஒரே அளவில் சிறிது மாறினால் இந்த ஒப்பீடு பெரிதாகக் கெடாது. ஆபத்து எங்கே என்றால், காசை மிச்சப்படுத்த இரண்டு டயரை மட்டும் வேறு அளவில் மாற்றுவதில்தான். சிறிய டயர் எப்போதும் சற்று வேகமாகச் சுழலும். நேர்ச் சாலையிலும் ஏதோ வழுக்குவது போலக் கம்ப்யூட்டருக்குத் தோன்றும். எச்சரிக்கை விளக்கு எரியலாம், அமைப்பு தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளலாம், தேவையில்லாத நேரத்தில் தலையிடவும் செய்யலாம். மழைச் சாலையில் பிள்ளைகளோடு போகும்போது இதைச் சோதித்துப் பார்க்க நாம் விரும்ப மாட்டோம்.

ஒரே அளவு டயரிலும் தேய்மான வேறுபாடு உண்டு. புதிய கார் டயரின் பள்ளம் பொதுவாக 8 மி.மீ. அளவில் இருக்கும், 1.6 மி.மீ. வந்தால் மாற்ற வேண்டும். இதற்கிடையே விட்டம் ஏறக்குறைய 13 மி.மீ. குறைகிறது. நாம் மேலே பார்த்த டயரில் இது 2 சதவீதம். நான்கு சக்கரத்துக்கும் விசை செல்லும் ஆல்வீல் டிரைவ் கார்களில் இந்த வேறுபாடே முன்னையும் பின்னையும் இணைக்கும் பாகத்தைச் சூடாக்கித் தேய்க்கும். அத்தகைய கார்களில் நான்கையும் ஒன்றாக மாற்றச் சொல்வது இதனால்தான்.

காற்றழுத்த எச்சரிக்கை

டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் அமைப்பு இரண்டு வகை. முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் பேட்டரியில் இயங்கும் சென்சார் இருக்கும். ரிம்மை மாற்றும்போது பழைய சென்சாரைக் கழற்றிப் புதியதில் பொருத்த வேண்டும், அல்லது புதிய சென்சார் வாங்கிக் காரில் பதிய வேண்டும். இரண்டாவது வகையில் தனிச் சென்சார் கிடையாது. காற்று குறைந்த சக்கரம் சற்று வேகமாகச் சுழல்வதை ஏ.பி.எஸ். சென்சார் மூலமே கண்டுபிடிக்கும். டயர் மாற்றியதும் சரியான அளவு காற்று அடித்து இதை ரீசெட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய கணக்கையே வைத்துக்கொண்டிருக்கும்.

முன்னே செல்லும் வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் போடும் கார்களில் கேமராவும் ரேடாரும் குறிப்பிட்ட உயரத்துக்கும் கோணத்துக்கும் அமைக்கப்பட்டவை. டயரால் காரின் உயரம் மாறினால் அவற்றை மீண்டும் சரிசெய்ய வேண்டுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

மாற்றுவதற்கு முன்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உங்கள் காருக்கு ஏற்ற டயர் அளவுகளும் காற்றழுத்தமும் இருக்கும். ஒரே மாடலின் உயர்ந்த வேரியண்டில் பெரிய ரிம் வருவதுண்டு. அந்த அளவு உங்கள் வேரியண்டுக்கும் பொருந்துமா என்று டீலரிடம் உறுதி செய்துகொண்டு மாற்றினால் சிக்கல் குறைவு.

மொத்த விட்டத்தின் வேறுபாடு 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது டயர் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. மேலே காட்டிய கணக்கைக் கைப்பேசியிலேயே போட்டுப் பார்க்கலாம். அளவை அடுத்து வரும் எண்ணும் எழுத்தும் முக்கியம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை ஈடுகொடுக்கும். இவை பழையதைவிடக் குறையக் கூடாது. ஸ்டெப்னி வேறு அளவாக இருந்தால் அதில் எழுதியுள்ள வேக வரம்பை மீறாமல் பஞ்சர் கடை வரை மட்டும் ஓட்டுங்கள்.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. எனவே பெரிய மாற்றம் எதுவானாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

டயர் மாற்றியபின் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால், "அது அப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அந்த விளக்கு எரியும் வரை, நீங்கள் நம்பிப் பிரேக் மிதிக்கும் அமைப்பு வேலை செய்யாமல் இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.