குலுக்கலில் கிடைத்த இருக்கை

பெர்லின் மாநகரில் 1890-ஆம் ஆண்டு புரூனோ வில்லே என்பவரின் முயற்சியால் 'சுதந்திர மக்கள் அரங்கு' என்னும் நாடகச் சங்கம் தோன்றியது. வில்லே திருச்சபைக்கு நண்பரல்லர். எனினும் அவர் செய்த ஏற்பாடு நாம் அறியத்தக்கது. தொழிலாளர் மாதந்தோறும் சிறு தொகையொன்றைச் சந்தாவாகச் செலுத்தி, நாடகப் பருவம் முழுவதும் ஞாயிறு பிற்பகலில் நல்ல நாடகங்களைக் கண்டனர். வாரத்தில் ஆறு நாளும் உழைப்போர்க்கு வேறெந்த நேரம் வாய்க்கும்?

நம்மைக் கவர்வது சலுகைக் கட்டணம் மட்டுமன்று. முன்வரிசை, பின்வரிசை என்னும் விலை வேறுபாடே அங்கு இல்லை. எல்லாரும் ஒரே தொகை கொடுத்தனர். இருக்கையோ குலுக்கலில் கிடைத்தது. இம்மாதம் மேடையருகே அமர்ந்த தையற்காரி அடுத்த மாதம் மாடியின் கடைசி மூலைக்குச் செல்ல நேரலாம்; எவரும் முறையிட வழியில்லை. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கால்மணையருகே இடமும் தருவதைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் கண்டித்தாரன்றோ! பீடத்தருகே 'பெரிய மனிதர்'களுக்குத் தனி நாற்காலி போடும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் மறையவில்லை என்பதை எண்ணுகையில் நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

அச்சிறு காசுகளே பின்னர்க் கட்டடமாயின. உறுப்பினரின் சேமிப்போடு மாநகராட்சிக் கடனும் சேர, ஒஸ்கார் காவ்ப்மன் வரைந்த 'மக்கள் அரங்கு' 1914 டிசம்பர் 30-ஆம் நாள் திறக்கப்பட்டது. 'கலை மக்களுக்கே' என்று முகப்பில் பொறித்தனர். இரண்டாம் உலகப் போரில் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பெற்று 1954-இல் திறந்த அவ்வரங்கில் இன்றும் நாடகங்கள் நடைபெறுகின்றன.