வேட்பாளர் வீட்டில் யார் சமையல்?

2014-ஆம் ஆண்டில் மார்ச் 23 முதல் மே 31 வரை, பத்தே வாரங்களில் காஜாங், புக்கிட் குளுகோர், தெலுக் இந்தான் என்று மூன்று இடைத்தேர்தல்கள் நம் காப்பிக் கடைப் பேச்சை நிரப்பின. கட்சிக் கணக்குகளை ஒதுக்கிவிட்டு அந்த மூன்றையும் இப்போது வரிசையாக வைத்துப் பாருங்கள். காஜாங்கில் நின்றவர் ஒரு மனைவி. புக்கிட் குளுகோரில் ஒரு மகன். தெலுக் இந்தானில் கல்யாணமாகாத ஓர் இளம்பெண். மூவரையும் நாம் ஒரே தராசில் நிறுத்தோமா?

காஜாங் சட்டமன்றத் தொகுதியில் அன்வார் இப்ராஹிம்தான் நிற்பதாக இருந்தது. மார்ச் 7-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. வேட்புமனு தாக்கலுக்கு நாலே நாள் இருந்தது. டாக்டர் வான் அசிசா களத்தில் இறக்கப்பட்டார். எதிர்த்து நின்ற மசீச வேட்பாளர் சியூ மெய் ஃபன்னும் பெண்தான். இரண்டு பெண்கள் நேருக்கு நேர் மோதுகிறார்கள் என்பது யாருக்கும் பெரிய செய்தியாகப் படவில்லை. ‘புருஷனுக்குப் பதில் பெண்டாட்டி’ என்பதுதான் பேச்சு. வான் அசிசா 5,379 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

அந்தப் பெண்டாட்டி யார்? அயர்லாந்தில் மருத்துவம் படித்து மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். கண் மருத்துவர். ஆறு பிள்ளைகளின் தாய். 1998 செப்டம்பரில் கணவர் பதவி பறிக்கப்பட்டுக் கைதானார். அடுத்த ஏப்ரலில் பிறந்த புதுக் கட்சிக்கு இவர் தலைவரானார். 1999-இல் பெர்மாத்தாங் பாவ் தொகுதியில் வென்றார். 2004-இல் கட்சி துடைத்தெறியப்பட்டபோது மிஞ்சிய ஒரே நாடாளுமன்ற இடம் இவருடையது. 2008-இல் நாட்டின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். சில மாதங்களிலேயே, கணவர் இடைத்தேர்தலில் நிற்பதற்காகத் தம் தொகுதியைக் காலி செய்துகொடுத்தார். 2015-இல் கணவர் மீண்டும் சிறை சென்றதும் அதே தொகுதிக்குத் திரும்பி வந்து வென்றார். 2018-இல் நாட்டின் முதல் பெண் துணைப் பிரதமர்.

ஏறத்தாழ இருபது ஆண்டு அரசியல். ஆனாலும் அவரைப் பற்றிய பேச்சு கணவரில் தொடங்கிக் கணவரில்தான் முடியும். 1999-இல் அது அவருக்கு உதவியது. “பாவம், புருஷன் ஜெயிலில், கையில் ஆறு பிள்ளை” என்ற இரக்கம் செராமா மேடைகளுக்குக் கூட்டம் சேர்த்தது. 2014-இல் அதே இரக்கம் தலைகீழாகத் திரும்பியது. “இந்தம்மா இடம் பிடித்து வைக்கத்தானே வந்திருக்கிறார்?” அந்த ஆண்டே கட்சி அவரைச் சிலாங்கூர் மந்திரி புசார் பதவிக்கு முன்மொழிந்தது. பெண் ஒருவர் மந்திரி புசார் ஆகலாமா என்ற கேள்வியும் அந்த இழுபறியில் கலந்தது. செப்டம்பரில் பதவி அஸ்மின் அலிக்குப் போனது. மனைவி என்பதற்காக ஓட்டுப் போட்டவர்களுக்கு, மனைவி என்பதையே காரணம் காட்டி நாற்காலியை மறுப்பதும் எளிதாகிவிடுகிறது.

கணவர், மனைவி, மகள் என்று ஒரே குடும்பம் ஒரு கட்சியின் உச்சியில் இருந்ததைக் கேள்வி கேட்பது தவறா? இல்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதைப் புக்கிட் குளுகோரில் எத்தனை பேர் கேட்டார்கள்? ஏப்ரல் மாதம் கார்ப்பால் சிங் விபத்தில் இறந்தார். மே 25-ஆம் தேதி மகன் ராம் கர்ப்பால் அதே தொகுதியில் பெரும் வித்தியாசத்தில் வென்றார். மசீச வேட்பாளரையே நிறுத்தவில்லை. கார்ப்பாலை ‘ஜெலுத்தோங் புலி’ என்று கொண்டாடியவர்கள் நாம். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று சொல்லி முடித்துக்கொண்டோம். ராம் கர்ப்பால் வழக்கறிஞர், தகுதியுள்ளவர். அவரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. 1976-இல் துன் ரசாக் மறைந்ததும் 22 வயது மகன் நஜிப்பைப் பெக்கான் தொகுதி போட்டியே இல்லாமல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அந்த வயதில் அவர் அரசியலில் செய்திருந்ததுதான் என்ன? ஆணுக்கு வந்தால் வாரிசுரிமை, பெண்ணுக்கு வந்தால் இடம் பிடித்து வைப்பது!

தெலுக் இந்தான் கதை வேறு மாதிரி. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியர் என்ற தொகுதி அது. உங்களில் பலருக்கு அங்கே உறவுக்காரர்கள் இருப்பார்கள். ஜசெக நிறுத்திய டயானா சோஃபியா 27 வயதுச் சட்டப் பட்டதாரி. கணவர் இல்லாததால் பேச்சு தாயிடம் போனது. தாயார் அம்னோ உறுப்பினராம், பெற்றவளையே மீறி வந்த பெண்ணாம். பிறகு முகம். எந்த நடிகை மாதிரி இருக்கிறார் என்று ஒப்பிட்டார்கள். பாராட்டுப்போல் இருந்ததால் அதில் தப்பிருப்பதாகப் பலருக்குத் தோன்றவில்லை. அதன்பின் நீச்சலுடையில் ஒரு பெண்ணின் படம் டயானாவின் படம் என்று சமூக ஊடகங்களில் சுற்றியது. அது ஒரு பிலிப்பீன்ஸ் நடிகையின் படம். எதிர்த்து நின்ற கெராக்கான் தலைவர் மா சியூ கியோங்கின் உடை பற்றியோ தாயார் பற்றியோ யார் பேசினார்கள்? டயானா 238 வாக்குகளில் தோற்றார். அந்தப் படத்தால்தான் தோற்றார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படம் பொய் என்று விளக்குவதற்குச் செலவான நேரம், அவர் வேறு ஏதாவது பேசியிருக்க வேண்டிய நேரம்.

வானொலியில் இருப்பதால் இந்த நேரக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். பத்து நிமிட நேர்காணல் என்பார்கள். விளம்பரமும் பாட்டும் போனால் மிஞ்சுவது ஆறோ ஏழோ நிமிடம். பெண் வேட்பாளர் என்றால் அதில் ஒரு நிமிடம் “குடும்பத்தையும் அரசியலையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?” என்ற கேள்விக்கு. அவர்களும் பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள். கணவர் ரொம்ப ஆதரவு, மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். கல்யாணமாகாதவர் என்றால் ‘மக்கள்தான் என் குடும்பம்’. கேள்வியில் பகை எதுவும் இல்லை, அன்பாகத்தான் கேட்கிறோம். தமிழ்ப்பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச அவருக்கு ஒரு நிமிடம் குறைகிறது, அவ்வளவுதான். ஒரு தேர்தல் சமயத்தில் கிள்ளானிலிருந்து பேசிய நேயர், குரலில் அறுபது வயதிருக்கும், சொன்னார்: “தங்கச்சி, அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா இப்படி ஊர் ஊரா சுத்துனா வூட்ல சோறு யாரு ஆக்குறா?” அவருக்கு அரசியல் நன்றாகவே தெரியும். எந்தத் தொகுதியில் யார் நிற்கிறார்கள் என்று என்னைவிடத் துல்லியமாகச் சொன்னார்.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இதே சோறுதான். சிங்கப்பூரின் டின் பெய் லிங் 2011-இல் மரின் பரேட் குழுத்தொகுதியில் நின்றபோது வயது 27. கேட் ஸ்பேட் பரிசுப் பெட்டியோடு அவர் நின்ற ஒரு படம் ஊரெல்லாம் கேலிக்கு ஆனது. சின்னப் பெண், கணவர் பெரிய அதிகாரி, இவருக்கு வாழ்க்கை என்ன தெரியும் என்றார்கள். நாலு ஆண்டு கழித்து மெக்பர்சன் தனித்தொகுதியில் நின்றார். பிள்ளை பெற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, பச்சை உடம்பு. இப்போது வாழ்க்கை தெரிந்ததுதான் குற்றமாயிற்று. தேசிய ஒருமைப்பாட்டுக் கட்சியின் வேட்பாளர் சியோ சாய் சென், தாயானது அவருடைய பலவீனம், தொகுதி மக்களைவிடக் குழந்தையைத்தான் கவனிப்பார் என்ற பொருளில் பேசினார். கண்டனம் வந்ததும் வேடிக்கைக்குச் சொன்னேன் என்றார். அதே தேர்தலில் கைக்குழந்தை உள்ள ஆண் வேட்பாளர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. டின் பெய் லிங் 65 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குகள் பெற்றார். சியோவுக்கு ஒரு விழுக்காடுகூடக் கிடைக்கவில்லை, வைப்புத்தொகையும் போயிற்று.

வாக்காளர்கள் வேட்பாளர்களைவிட விவரமானவர்கள் என்று இதை வைத்து மகிழலாம். எனக்கும் ஆசைதான். ஆனால் படுக்கையறை விவகாரம் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. 2008 ஜனவரியில் அப்போதைய சுகாதார அமைச்சர் சுவா சொய் லெக், ஆபாசக் காணொளியில் இருப்பது தாம்தான் என்று ஒப்புக்கொண்டு பதவி விலகினார். அதே ஆண்டு அக்டோபரில் மசீச துணைத் தலைவர். 2010-இல் கட்சித் தலைவர். 2009 பிப்ரவரியில் புக்கிட் லாஞ்சான் சட்டமன்ற உறுப்பினர் எலிசபெத் வோங்கின் அந்தரங்கப் படங்கள் அவருக்குத் தெரியாமலே எடுக்கப்பட்டுப் பரப்பப்பட்டன. பாதிக்கப்பட்டவர் அவர். பதவி விலக முன்வந்ததும் அவரே. ஆதரவு திரண்டதால் நிலைத்தார், 2013-இலும் 2018-இலும் வென்றார். அந்த முதல் சில வாரங்களில் அவர் தலைமறைவாக இருக்க நேர்ந்ததை நினைத்தால், எத்தனை பெண்கள் ‘இந்த வம்பே வேண்டாம்’ என்று வேட்புமனுப் படிவத்தைத் தொடாமலே விட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. 222 பேர் கொண்ட நம் நாடாளுமன்றத்துக்கு 2022-இல் தேர்வான பெண்கள் ஏறத்தாழ 30 பேர்.

நம் சமூகத்தில் இது இன்னும் சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கணக்கு எழுதுவதும் கோவில் திருவிழாவில் அன்னதானத்துக்கு முந்நூறு பேரைக் கட்டி மேய்ப்பதும் பெண்கள். தலைவர் பதவிக்குப் பெயர் கேட்டால், “வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்” என்கிறார்கள். இதையே ஓர் ஆண் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

என்னுடன் பணிபுரியும் தோழி ஒருவர் ஒருமுறை அந்தச் சமாளிப்புக் கேள்வியை, எழுத்து மாறாமல், ஓர் ஆண் வேட்பாளரிடம் கேட்டுவிட்டார். நேரலை. மூன்று விநாடி மௌனம். வானொலியில் மூன்று விநாடி என்பது கருவி கெட்டுவிட்டதோ என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுந்து நிற்கும் அளவு நீளம். பிறகு அவர் சிரித்தார். “அதெல்லாம் எனக்கு எங்கங்க தெரியும்? வீட்ல அவங்கதான் பார்த்துக்கிறாங்க” என்றார். அப்படியே தொகுதியில் அடைத்துக்கிடக்கும் கால்வாய்க்குப் போய்விட்டார். அன்று வந்த வாட்ஸ்அப் செய்திகள் எல்லாமே கால்வாயைப் பற்றித்தான்.