ஒரு தட்டு சந்தகையில் என்ன இருக்கு?

போன மாசம் மாக் இன்டர்வியூவில் "உங்க கல்ச்சர் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். பொங்கல், கோயில், வேட்டி... அதோடு நின்றுவிட்டேன். நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

பதில் எங்க பெரியநாயக்கன்பாளையம் வீட்டுப் பரண்மேல் இருந்தது: சந்தகை மெஷின்.

சந்தகையும் இடியாப்பமும் ஒண்ணு இல்லைங்க. இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்து வேகவைப்பார்கள். சந்தகைக்குப் புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லி மாதிரி வேகவைத்து, அப்புறம்தான் பிழிவார்கள். ஆறினால் பிழிய வராது. அதனால் ஒருத்தர் வேகவைக்க, இன்னொருத்தர் உடனே பிழியணும்.

இப்போ பிரிச்சுப் பாருங்க. மெஷின் என்பது பொருள். பதம் தெரிவது அறிவு. 'சந்தகை' என்ற பெயர் மொழி. கூடிச் செய்வது வழக்கம். விருந்தாளிக்கு முதல் தட்டு வைப்பது மதிப்பு. இத்தனையும் சேர்ந்ததுதான் கலாச்சாரம். மெஷினை மியூசியத்தில் வைக்கலாம். மத்த நாலையும் வைக்க முடியாது.

மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871-லேயே அறிவு, நம்பிக்கை, கலை, பழக்கம் எல்லாவற்றையும் கலாச்சாரத்தில் சேர்த்தார். சமூகத்தில் வாழ்ந்து மனிதன் பெறுபவை இவை என்றார். அதாவது, ரத்தத்தில் வராது. கத்துக்கலைன்னா நின்னுடும்.

எங்க அம்மாயிக்கு இப்போ கையில் வலு இல்லை. எனக்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மெஷினை இறக்கிக் கழுவினேன். முதல் ஈடு பிழியவே வரலை. "சூடு போயிருச்சு கண்ணு, வெரசாப் புழி" என்றார் அம்மாயி. ரெண்டாவது ஈடு வந்தது.

லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒண்ணாவது கத்துக்கிட்டு வாங்க.