கைகளைத் தொங்கவிட்டுச் சண்டை போட்ட சாம்பியன்!

முகமது அலியின் முறை சரியா, தவறா?

குத்துச்சண்டை பழகப் போகும் சிறுவனுக்கு வாத்தியார் முதல் நாளே சொல்வது இதுதான்: கையைத் தூக்கு! முகத்தை மறை!

இரண்டு கைகளும் கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தாடை தாழ்ந்திருக்க வேண்டும். குத்து வந்தால் கையால் தடுக்க வேண்டும். அல்லது குனிய வேண்டும். தலையை நேராகப் பின்னால் இழுக்கவே கூடாது. இழுத்தால் அடுத்த குத்தில் ஆள் காலி!

இத்தனை விதிகளையும் மீறிய ஒருவர் உலக ஹெவிவெயிட் சாம்பியன் பட்டத்தை 3 முறை வென்றார். 1964-ல் ஒரு முறை, 1974-ல் ஒரு முறை, 1978-ல் ஒரு முறை.

அவர்தான் முகமது அலி.

சிரித்தார்கள்!

அலி 1942-ம் ஆண்டு அமெரிக்காவில் லூயிவில் நகரில் பிறந்தார். முதலில் அவர் பெயர் காஷியஸ் கிளே. 12 வயதில் அவருடைய சைக்கிள் திருட்டுப் போயிற்று. திருடனை உதைக்கப் போவதாக ஒரு போலீஸ்காரரிடம் சொன்னார். அந்தப் போலீஸ்காரர் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுப்பவர். முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்றார். அப்படித்தான் தொடங்கியது.

1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கினார். ஆனாலும் அவர் சண்டை போடும் விதத்தைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கைகள் இடுப்பளவில் தொங்குகின்றன. குத்து வந்தால் தலையைப் பின்னால் இழுக்கிறார். எதிரியின் வயிற்றில், விலாவில் குத்துவது மிகக் குறைவு. எல்லாம் முகத்துக்குத்தான். உண்மையான முரடன் ஒருவன் எதிரே வந்தால் இந்தப் பையன் தொலைந்தான் என்றார்கள்.

அந்த முரடரும் வந்தார். அவர் பெயர் சோனி லிஸ்டன்.

அப்போதைய உலக சாம்பியன் லிஸ்டன். அதற்கு முந்திய சாம்பியனான பிளாய்டு பாட்டர்சனை இரண்டு சண்டைகளில், இரண்டிலும் முதல் ரவுண்டிலேயே வீழ்த்தியவர். 1964-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி மியாமி பீச்சில் அலி அவரைச் சந்தித்தார். பந்தயக்காரர்கள் லிஸ்டன் பக்கம் ஒன்றுக்கு ஏழு என்று கட்டினார்கள்.

நடந்தது என்ன? லிஸ்டன் வீசிய குத்துகள் காற்றைக் குத்தின. அலியின் முகம் இருந்த இடத்தில் இல்லை! 4-வது ரவுண்டு முடிந்தபோது அலியின் கண்ணில் ஏதோ பட்டு எரிந்தது. பார்வை மங்கியது. கையுறையை வெட்டி எடுங்கள் என்று கத்தினார். அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி கண்ணைக் கழுவி, ஓடு, ஓடிக்கொண்டே இரு என்று மேடைக்குத் தள்ளிவிட்டார். 5-வது ரவுண்டில் பாதிக் குருடராகவே ஓடித் தப்பினார் அலி. 7-வது ரவுண்டுக்கு மணி அடித்தது. லிஸ்டன் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை!

காவல் காத்த கால்கள்

அலியின் ரகசியம் அந்த 5-வது ரவுண்டில் இருக்கிறது. கை செய்ய வேண்டிய காவல் வேலையை அவர் காலிடம் ஒப்படைத்திருந்தார்.

அலி 6 அடி 3 அங்குல உயரம். லிஸ்டனுடன் மோதியபோது எடை சுமார் 210 பவுண்டு. அவ்வளவு பெரிய ஆட்கள் பெரும்பாலும் அடிமேல் அடி வைத்துத்தான் நகர்வார்கள். அலி மேடையைச் சுற்றிச் சுற்றி நடனம் ஆடினார். குத்து வருவதைக் கண்ணால் அளந்து, ஒரு அங்குலம் தலையைப் பின்னால் இழுப்பார். எதிரியின் கை தவறிப் போகும். கை தவறியவன் நிலை தடுமாறுவான். அந்த நேரத்தில் அலியின் இடது கை கீழே இருந்து கிளம்பி மூக்கில் இறங்கும். முகத்துக்கு நேராக இருந்து வரும் குத்தைப் பார்க்கலாம். இடுப்பில் இருந்து வரும் குத்தைப் பார்ப்பது கஷ்டம்.

ஆகவே, கையைத் தொங்கவிட்டது திமிர் மட்டும் அல்ல. (திமிரும் உண்டு!) அதில் கணக்கு இருந்தது.

ஒரே ஓட்டை

ஆனால் விதிகளைச் செய்தவர்களும் முட்டாள்கள் அல்ல.

இடது கையை வளைத்துப் பக்கவாட்டில் வீசும் குத்துக்கு 'லெப்ட் ஊக்' என்று பெயர். அதைத் தடுக்க வலது கை கன்னத்தின் அருகே இருக்க வேண்டும். அலியின் வலது கை அங்கே இருக்காது.

1962-ல் நியூயார்க்கில் சோனி பேங்க்ஸ் என்பவர் முதல் ரவுண்டிலேயே அலியைக் கீழே தள்ளினார். லெப்ட் ஊக்! 1963-ல் லண்டனில் ஹென்றி கூப்பர் தள்ளினார். அதுவும் லெப்ட் ஊக்! விழுந்தவர் எழுந்ததும் மணி அடித்தது, பிழைத்தார். இரண்டு சண்டைகளிலும் கடைசியில் வென்றவர் அலிதான் என்பதால் அந்த ஓட்டையை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஒருவர் கவனித்து வைத்திருந்தார். அவர் எட்டி பட்ச் என்ற பயிற்சியாளர்.

1967-ல் வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று அலி மறுத்தார். பட்டம் பறிபோயிற்று. மூன்றரை ஆண்டு அவர் மேடை ஏற முடியவில்லை. 25 வயது முதல் 28 வயது வரை, ஒரு வீரனின் பொன்னான காலம் போய்விட்டது. திரும்பி வந்தபோது பழைய கால்கள் இல்லை.

1971 மார்ச் 8-ந் தேதி நியூயார்க்கில் ஜோ பிரேசியருடன் மோதினார். பிரேசியரின் பயிற்சிக் குழுவில் பட்ச் இருந்தார். அலி வலது கையால் கீழே இருந்து மேலே குத்தப் போகும்போது அந்தக் கையை இறக்குகிறார். அப்போது லெப்ட் ஊக் வீசு என்று சொல்லிக்கொடுத்திருந்தார். 15-வது ரவுண்டில் பிரேசியர் அப்படியே வீசினார். அலி மல்லாந்து விழுந்தார். உடனே எழுந்துவிட்டார் என்பது வேறு விஷயம். சண்டையில் தோற்றார். அதுதான் அவருடைய முதல் தோல்வி. 1973-ல் பட்ச் பயிற்சி அளித்த இன்னொருவர், கென் நார்ட்டன், அலியின் தாடையையே உடைத்தார்.

கயிற்றில் சாய்ந்தார்

பிறகு போர்மன். 40 சண்டை, 40 வெற்றி. பிரேசியரையும் நார்ட்டனையும் இரண்டே ரவுண்டில் முடித்தவர். 1974 அக்டோபர் 30-ந் தேதி ஆப்பிரிக்காவில் கின்ஷாசா நகரில், விடியற்காலையில் சண்டை. அலிக்கு வயது 32, போர்மனுக்கு 25. நடனம் ஆடப் போகிறேன் என்று அலி சொல்லியிருந்தார். அவர் ஆடவில்லை. மேடைக் கயிற்றில் சாய்ந்து, கைகளைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு, அடி, அடி என்று நின்றார்! கயிற்றை விட்டு வா என்று டண்டி தொண்டை கிழியக் கத்தினார். கயிற்றில் சாய்வதைவிடப் பெரிய தவறு குத்துச்சண்டையில் இல்லை. போர்மன் அடித்து அடித்துக் களைத்தார். 8-வது ரவுண்டில் அலி அவரை வீழ்த்திவிட்டார்.

உலகமே கொண்டாடிய இந்த வெற்றிதான் அலிக்குக் கெடுதலாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. குத்துக்கு விலகுவதற்குப் பதில் குத்தைத் தாங்குவது அவருக்குப் பழகிவிட்டது. பயிற்சியில்கூட மற்றவர்களை அடிக்கவிட்டு நின்றார். கால் ஓய்ந்துவிட்டது. கையால் தடுக்க முறையாகக் கற்றதில்லை. மிச்சம் இருந்தது உடம்பும் தலையும்தான். அவருடைய டாக்டர் பெர்டி பச்சேகோ ஓய்வு பெறச் சொன்னார். அலி கேட்கவில்லை. 1977-ல் டாக்டர் விலகிக்கொண்டார். 1984-ல் அலிக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் இருப்பது தெரிந்தது. வாங்கிய அடிகள் அதற்கு எவ்வளவு காரணம் என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2016-ல் அவர் காலமானார்.

1980-ம் ஆண்டு அலி சென்னைக்கும் வந்தார். ஜிம்மி எல்லிஸ் என்ற முன்னாள் சாம்பியனுடன் காட்சிச் சண்டை போட்டுக் காட்டினார். அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி லாஸ் வேகாசில் லாரி ஹோம்சுடன் உண்மையான சண்டை. ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியோடு பயிற்சிச் சண்டை போட்டவர், அவரை மதித்தவர். அலிக்கு அப்போது 38 வயது. ரவுண்டுக்கு ரவுண்டு அடி வாங்கினார். தலை பின்னால் போவதற்குள் குத்து வந்து சேர்ந்தது. 10-வது ரவுண்டு முடிந்ததும் டண்டி சண்டையை நிறுத்தச் சொன்னார். வெற்றி பெற்ற ஹோம்ஸ் அழுதார்.